ஒரு கூடைக் காய்க்கு ஒரு நாடகம்: பார்ட்டர் தியேட்டர் பிறந்த கதை

1933-இல் அமெரிக்காவில் இரண்டு வகை மனிதர்கள் ஒரே மாதிரித் தவித்தார்கள். ஒருவர் உழவர். விளைந்தது களத்தில் கிடந்தது, வாங்க ஆளில்லை. இன்னொருவர் நடிகர். கற்ற தொழில் கைவசம் இருந்தது. காசு கொடுத்துப் பார்க்க ஆளில்லை. உழவர் வீட்டு அடுப்பில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, பையில்தான் காசில்லை. நடிகருக்குச் சோறும் இல்லை, காசும் இல்லை. இந்த இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டால் நடுவில் காசு எதற்கு என்று 27 வயது நடிகர் ஒருவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் வர்ஜீனியா மாநிலத்தின் மலையோரச் சிற்றூரான அபிங்டனில் இருக்கும் பார்ட்டர் தியேட்டர். பார்ட்டர் என்றால் பண்டமாற்று. பிறந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும், சம்பளம் வாங்கும் தொழில்முறை நடிகர்களோடு அது அதே ஊரில் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தின் நெருக்கடி இன்று நம் கற்பனைக்கு எளிதில் எட்டாது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் வேலை தேடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாமல் போனது. 1933 மார்ச்சில் புதிதாகப் பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் வங்கிகள் அனைத்தையும் சில நாள் மூடி வைக்க வேண்டியிருந்தது. விளைபொருள் விலை அதலபாதாளத்துக்குப் போனது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நாம் சொல்வது அங்கே ஊருக்கு ஊர் நடந்தது. சோளமும் உருளைக்கிழங்கும் பாலும் பன்றியும் இருந்தன; அவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவுக்குக்கூட விலை கட்டவில்லை.

நாடகக்காரர்கள் நிலை இன்னும் மோசம். 1927-இல் பேசும்படம் வந்ததிலிருந்தே சிற்றூர் மேடைகள் திரையரங்குகளாக மாறத் தொடங்கியிருந்தன. ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பொருளாதார மந்தம் வந்த பிறகு நியூயார்க்கின் பிராட்வேயிலேயே அரங்குகள் இருண்டன. பயிற்சியும் திறமையும் உள்ள நடிகர்கள் இலவச ரொட்டிக்காக வரிசையில் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர்தான் ராபர்ட் போர்ட்டர்ஃபீல்ட். தென்மேற்கு வர்ஜீனியாவில் பிறந்து வளர்ந்தவர். நடிப்புக் கற்க நியூயார்க் போனவர். சுற்றுப்பயணக் குழுக்களில் நடித்தவர். நகரத்துப் பசி, ஊர்ப்புறத்து விளைச்சல் இரண்டையும் அவர் கண்ணால் பார்த்திருந்தார். நியூயார்க்கில் பட்டினி கிடக்கும் நண்பர்களைப் பார்க்கும்போது, தன் ஊர்ப்பக்கத்தில் விற்காமல் அழுகும் காய்கறி அவர் நினைவுக்கு வந்தது. நகரத்து நடிகர்களில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகமே. வயலும் மேடையும் ஒருசேரத் தெரிந்தவருக்குத்தான் ஒன்றின் மிகுதி இன்னொன்றின் குறையை அடைக்கும் என்று தெரியும்.

1933-இல் வேலையில்லாத நடிகர்கள் 22 பேரைச் சேர்த்துக்கொண்டு போர்ட்டர்ஃபீல்ட் அபிங்டனுக்குக் கிளம்பினார். டிக்கெட் எடுக்க வழியில்லாமல், போகிற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போனார்கள் என்பது அந்த அரங்கின் வரலாற்றில் முதல் அத்தியாயம்.

அபிங்டன் அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே, டென்னசி மாநில எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஊர். அங்கே நடிகர்களுக்குத் தேவையான இரண்டும் சும்மா கிடந்தன. ஒன்று, தங்க இடம். மார்த்தா வாஷிங்டன் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி அப்போதுதான் மூடப்பட்டிருந்தது. அதன் காலி அறைகளில் நடிகர்கள் தங்கினார்கள். இன்னொன்று, மேடை. தெருவுக்கு எதிர்ப்புறம் 1830-களின் தொடக்கத்தில் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயமாகக் கட்டப்பட்ட செங்கல் கட்டடம் ஒன்று இருந்தது. பிற்பாடு ஊராட்சியின் கைக்கு வந்து ஊர் மன்றமாகப் பயன்பட்டது. வழிபாட்டுக்குக் கட்டிய அந்த மண்டபத்தில் நாடகம் போட ஊர் இசைந்தது.

கட்டணத்தை எப்படி வைப்பது என்பதில்தான் போர்ட்டர்ஃபீல்டின் முழு யோசனையும் அடங்கியிருந்தது. ஒரு டிக்கெட் 40 சென்ட். காசு இல்லாவிட்டால் அந்த மதிப்புக்கு விளைபொருள். விற்க முடியாத காய்கறியைக் கொடுத்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று அறிவித்தார்கள். 1933 ஜூன் 10 அன்று முதல் திரை விலகியது. ஆள் வருமா என்று சந்தேகப்பட்டவர்கள் வியக்கும்படி அத்தனை இருக்கைகளும் நிறைந்திருந்தன.

அந்த வாசலுக்கு என்னென்ன வந்தன! கூடை கூடையாகக் காய்கறி, முட்டை, பால், வெண்ணெய், பழக்கூழ், கோழி, உயிருள்ள பன்றி. மந்த காலம் முழுவதும் பார்க்க வந்த ஐந்து பேரில் நான்கு பேர் இப்படிப் பொருளாகத்தான் கொடுத்தார்கள் என்று அரங்கின் வரலாறு சொல்கிறது. வந்த பொருள் நேரே நடிகர்களின் சாப்பாட்டுக்குப் போனது. டிக்கெட் கொடுக்கும் இடம் பாதி அரங்கு அலுவலகமாகவும் பாதி மளிகைக் கடையாகவும் இருந்தது.

மாட்டைப் பற்றிய கதை ஒன்று பார்ட்டர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. ஓர் உழவர் மனைவியோடு பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். அரங்க வாசலிலேயே உட்கார்ந்து ஒரு டிக்கெட்டுக்கு உரிய பாலைக் கறந்து கொடுத்தார். "அம்மாவுக்கு?" என்று டிக்கெட் கொடுப்பவர் கேட்டார். "அவள் டிக்கெட்டை அவளே கறந்துகொள்ளட்டும்" என்றாராம். கதை கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனாலும், அந்த வாசலில் நிலவிய சகஜம் இதில் தெரிகிறது. கையில் காசில்லையே என்று யாரும் அங்கே கூசி நிற்கவில்லை. தன் பசு, தன் கை, தன் பால். அதற்கு ஈடாகத் தனக்கு ஒரு நாடகம். பெரிய மனிதர்போல நிமிர்ந்து உள்ளே போனார்கள்.

பார்ட்டர் தியேட்டர் நிலைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அன்று அமெரிக்காவில் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தவர்கள் பலர் இருந்தார்கள். இலவசம் வாங்கினவர் தலை குனிந்துதான் வாங்க வேண்டியிருந்தது. போர்ட்டர்ஃபீல்ட் ஊருக்கு எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. ஊரிடம் இலவசமாக எதையும் வாங்கவும் இல்லை. நடிகரும் உழவரும் அவரவர் பாடுபட்டு விளைவித்ததை எடுத்து வந்து மாற்றிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் கடன்படவில்லை. யாரும் யாருக்கும் கீழே இல்லை. தன் தோட்டத்துக் காயைச் சாப்பிட்டவர் மேடையில் நடிக்கும்போது, பார்க்கிற உழவருக்கு அந்த நாடகத்தில் பங்கு உண்டு. அந்தப் பங்குரிமை ஊரின் மனத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால் அப்புறம் அரங்கை மூட ஊர் விடாது.

இதே முறையை அவர் நாடகாசிரியர்களிடமும் கொண்டுபோனார். ஒரு நாடகத்தைப் போட்டால் எழுதியவருக்கு ராயல்டி கொடுக்க வேண்டும். பார்ட்டரிடம் கொடுக்கப் பணமில்லை. ஆனால் வர்ஜீனியாவுக்குப் பெயர்போன ஒன்று இருந்தது: உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியான ஹாம். நோயல் கவர்ட், தார்ன்டன் வைல்டர், டென்னசி வில்லியம்ஸ் போன்ற பெரிய நாடகாசிரியர்கள் தங்கள் ராயல்டியாக ஹாமை வாங்கிக்கொண்டார்கள். ஜார்ஜ் பெர்னார்ட் ஷா மட்டும் திருப்பி அனுப்பினார். அவர் சைவம், தனக்குப் பசலைக்கீரை வேண்டும் என்றார். பார்ட்டரும் கீரை அனுப்பி வைத்தது. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் ஒரு மலையோர ஊரின் கணக்கு முறைக்கு உட்பட்டு, தன் பங்கைக் கீரையாகக் கேட்டு வாங்கினார் என்பதை எண்ணும்போது எனக்கு ஷாமீதும் அந்த ஊர்மீதும் ஒருசேர மரியாதை பிறக்கிறது.

முதல் பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது கையில் ரொக்கமாக நின்றது 4 டாலர் 35 சென்ட். அதோடு இரண்டு பீப்பாய் பழக்கூழ். எல்லாவற்றுக்கும் மேலாக, நடிகர்கள் எல்லாருமாகச் சேர்ந்து 300 பவுண்டுக்கு மேல் எடை கூடியிருந்தார்கள். அதாவது 136 கிலோவுக்கும் அதிகம். வேறு எந்த நாடகக் கம்பெனியும் தன் லாபத்தை இப்படி எடைபோட்டுச் சொல்லியிருக்க முடியாது. நியூயார்க்கில் பட்டினி கிடந்தவர்கள் ஒரே கோடையில் உடம்பு தேறிவிட்டார்கள் என்பதே அந்தப் பருவத்தின் வெற்றிக் கணக்கு.

ஊரோடு சேர்ந்து வாழ்வது என்றால் ஊரின் இரைச்சலோடும் சேர்ந்து வாழ்வதுதான். மேடைக்கு நேர் கீழே ஊர்ச் சிறை இருந்தது. உருக்கமான காட்சி நடக்கும்போது கீழே அடைபட்டவர்களின் கூச்சல் மேலே கேட்கும். பிற்காலத்தில் வெறிநாய்க்கடி நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட நாய்களை அதே இடத்தில் அடைத்து வைத்தார்கள். அதற்கும் பிறகே அது நடிகர்கள் வேஷம் கட்டும் அறையாக மாறியது. கூரைமேல் ஊரின் தீயணைப்புச் சங்கு. எங்காவது தீப்பிடித்தால் சங்கு அலறும். சங்கு ஒலிக்கும்போது நடிகர்கள் இருந்த இருப்பில் அப்படியே உறைந்து நிற்க வேண்டும், ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பது அரங்கின் விதி. தீயணைப்பு நிலையம் இடம் மாறிய 1994 வரை இந்த விதி இருந்தது. ஊரில் ஒரு வீடு எரியும்போது மேடையில் இளவரசனும் அசையாமல் நிற்கிறான். பார்ப்பவர்கள் அதை இயல்பாக எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அரங்கு ஊருக்குள் எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருந்தது என்று சொல்ல இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் நாடகம் தொடங்குமுன் போர்ட்டர்ஃபீல்ட் திரைக்கு முன்னால் வந்து நின்று ஊர்க்காரர்களோடு பேசுவார். எங்களைப் பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்ற அவருடைய வேண்டுகோள் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். வந்தவர்களை அவர் விருந்தாளிகளாகத்தான் நடத்தினார். வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று வாங்க என்று சொல்லாமல் விருந்து தொடங்குமா?

பசியைத் தீர்க்கத் தொடங்கிய இடம் மெல்ல மெல்ல நடிப்புப் பட்டறையாக வளர்ந்தது. பிற்பாடு திரையில் உலகம் அறிந்த கிரெகரி பெக் இளம் வயதில் இங்கே நடித்தார். பெட்ரிஷியா நீல், ஹியூம் குரோனின், நெட் பீட்டி ஆகியோரும் இந்த மேடையில் ஏறியவர்களே. எர்னஸ்ட் போர்க்னைன் கடற்படையிலிருந்து வெளியே வந்த பிறகு இங்கே சேர்ந்து, மேடைக்குப் பின்னால் கிடைத்த வேலையெல்லாம் செய்து நடிகரானார். வாரத்துக்கு ஒரு புது வேடம், மாலையில் மேடை, காலையில் அரங்கப் பொருள்களுக்கு வர்ணம் அடிப்பது என்ற வாழ்க்கை கற்றுக் கொடுத்ததை எந்தப் பள்ளியும் கற்றுக் கொடுத்துவிடாது. பெருநகர மேடையில் சிறந்து நடித்தவர்களுக்குப் பார்ட்டர் ஒரு விருதும் கொடுத்துவந்தது. பரிசு என்ன தெரியுமா? அபிங்டன் பக்கத்தில் ஒரு ஏக்கர் நிலமும் ஒரு ஹாமும்! தன்னிடம் இருப்பதையே பரிசாகக் கொடுக்கும் பழக்கத்தை அரங்கு கைவிடவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது போர்ட்டர்ஃபீல்ட் படைக்குப் போனார். அரங்கு மூடிக் கிடந்தது. சிற்றூர் அரங்குகளுக்குப் பெரும்பாலும் இத்தகைய இடைவெளியே முடிவாகிவிடும். அபிங்டனில் அப்படி ஆகவில்லை. போர் முடிந்ததும் திரும்ப வந்து திறந்தார்கள். 1946-இல் வர்ஜீனியா அரசு பார்ட்டரை மாநில அரங்காக அறிவித்தது. 1948-இல் வட்டார நாடகத்தின் வளர்ச்சிக்கு ஆற்றிய பணிக்காகப் போர்ட்டர்ஃபீல்டுக்கு டோனி விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு டென்மார்க்கின் எல்சினோர் நகரில் உள்ள குரோன்போர்க் கோட்டையில், ஹாம்லெட் கதை நடப்பதாக ஷேக்ஸ்பியர் எழுதிய அதே இடத்தில், ஹாம்லெட் நாடகத்தை நடித்துக் காட்டினார்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் கை காட்டி வண்டி ஏறி வந்த குழு, கடல் கடந்து போய் அமெரிக்காவின் பேரால் மேடை ஏறியது.

1953-இல் நடந்தது போர்ட்டர்ஃபீல்டின் குணத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. நியூயார்க்கின் புகழ்பெற்ற எம்பயர் தியேட்டரை இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வேண்டியதை எடுத்துக்கொள்ள அவருக்கு ஒரே ஒரு வார இறுதிதான் கிடைத்தது. ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் இருக்கைகள், விளக்குகள், கம்பளங்கள், ஓவியங்கள், திரைச்சீலைகள் என்று 75,000 டாலர் மதிப்புள்ள பொருள்களை அபிங்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவற்றில் எம்பயருக்காகத் தாமஸ் எடிசன் வடிவமைத்துப் பொருத்திய விளக்கமைப்பும் ஒன்று. 1970-களின் நடுப்பகுதி வரை பார்ட்டர் மேடைக்கு அதுதான் ஒளி தந்தது. பெருநகரம் வேண்டாம் என்று கழித்ததை எடுத்து வந்து சிற்றூர் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்தது. விற்காத காயில் நாடகம் கண்டவருக்கு இடிக்கப்போகும் அரங்கில் இன்னோர் அரங்கு தெரிந்ததில் வியப்பில்லை.

போர்ட்டர்ஃபீல்ட் 1971-இல் காலமானார். தனி ஒருவரின் உழைப்பில் எழுந்த பல நிறுவனங்கள் அவரோடு போய்விடும். பார்ட்டர் போகவில்லை. ரெக்ஸ் பார்ட்டிங்டன் இருபது ஆண்டுகள் பொறுப்பில் இருந்தார். 1992-இல் ரிச்சர்ட் ரோஸ் வந்தார்; கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். அவருக்குப் பிறகு கேட்டி பிரவுன் பொறுப்பேற்றார். பழைய அரங்குக்குப் பக்கத்தில் சிறிய இரண்டாவது அரங்கு ஒன்றும் உண்டாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்காக ஊர் ஊராகப் போய் நடிக்கும் குழு ஒன்று இயங்குகிறது. அப்பலாச்சிய மலைமக்களின் வாழ்வைப் பேசும் புது நாடகங்களுக்கென்று தனி விழா நடக்கிறது. முன்பு நியூயார்க் நாடகங்களை ஊருக்குக் கொண்டுவந்த அரங்கு, இப்போது ஊரின் கதைகளை நாடகமாக்கி உலகுக்குக் கொடுக்கிறது.

ஊரும் சும்மா கொடுத்துக்கொண்டே இருக்கவில்லை. அது பெற்றதும் அதிகம். இன்றும் அபிங்டனில் எட்டாயிரம் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். வெளியூர்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் நாடகம் பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், கடைவீதியில் பொருள் வாங்குகிறார்கள். நடிகர்கள் தங்கிய மார்த்தா வாஷிங்டன் கல்லூரி 1935-இல் விடுதியாகி இன்றும் அரங்குக்கு எதிரே தொழில் நடத்துகிறது. காய்கறி கொடுத்து ஊர் வளர்த்த அரங்கு ஊரின் வியாபாரத்தை வளர்க்கிறது. பண்டமாற்று தொடர்கிறது, பண்டங்கள்தான் மாறியிருக்கின்றன.

2020-இல் கொரோனா வந்து உலகின் அரங்குகளெல்லாம் அடைபட்டபோது பார்ட்டர் மறுபடி தன் பழைய கேள்விக்குப் போனது: நம் பக்கத்தில் சும்மா கிடப்பது என்ன? ஊருக்கு வெளியே மூன்லைட் என்ற பழைய டிரைவ் இன் திரையரங்கு, காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் இடம், மூடிக் கிடந்தது. அங்கே மேடை கட்டினார்கள். பார்ப்பவர்கள் அவரவர் காரில் பத்திரமாக இருந்தார்கள். நடிகர்களுக்கு வேலை நின்றுபோகவில்லை. 1933-இல் காலிக் கல்லூரியையும் ஊர் மன்றத்தையும் கண்ட கண்தான் 2020-இல் இதையும் கண்டது.

இன்று டிக்கெட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது உணவுப் பொருளை வாங்கிக்கொண்டு உள்ளே விடும் காட்சி ஒன்றை நடத்துகிறார்கள். அப்படி வருகிற பொருள் நடிகர்களுக்குப் போவதில்லை. அந்த வட்டாரத்தில் பசித்திருப்பவர்களுக்கு உணவு சேர்க்கும் அமைப்புக்குப் போகிறது. முன்பு ஊர் அரங்கின் பசியைத் தீர்த்தது. இன்று அரங்கு ஊரின் பசியைத் தீர்க்கப் பங்கு செலுத்துகிறது.

வயிற்றுப்பாடு தீர்ந்த பிறகுதான் கலை என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். பஞ்சத்தின் உச்சத்தில், வங்கிகள் மூடிக் கிடந்த அதே ஆண்டில், கையில் காசே இல்லாத உழவர்கள் காய்கறிக் கூடையோடு நாடகம் பார்க்க வரிசையில் நின்றார்கள் என்ற உண்மை அந்தச் சொல்லைப் பொய்யாக்குகிறது. சிரிக்கவும் அழவும் ஒன்றாகக் கூடி உட்காரவும் மனிதருக்கு எப்போதும் வேண்டியிருக்கிறது. கஷ்டகாலத்தில் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. சிற்றூர்களில் நாடகம் நிலைக்காததற்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்வது எளிது. ஊரிடம் இல்லாத ஒன்றை விலையாகக் கேட்டுவிட்டு, ஊர் வரவில்லையே என்று குறைப்படுகிறோம். உங்களிடம் என்ன இருக்கிறது, அதைக் கொடுங்கள், எங்களிடம் இருப்பதைத் தருகிறோம் என்று போர்ட்டர்ஃபீல்ட் கேட்டார். ஓர் ஊரில் அரங்கம் தொடங்க நினைக்கிற எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். காலியாகக் கிடக்கும் ஒரு கூடம், தச்சரின் ஒரு நாள் வேலை, ஒரு வீட்டுச் சமையல் என்று எல்லா ஊரிலும் ஏதோ ஒன்று இருக்கவே செய்கிறது. அதை விலையாக ஏற்றுக்கொள்ளும் துணிவு இருந்தால், அந்த அரங்கை ஊர் தன்னுடையதாக வைத்துக் காப்பாற்றும்.